அகஸ்டஸுக்கு மகர ராசி, திபேரியஸுக்குக் கன்னத்தில் வெட்டு

சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்கு ஈ.சி.ஆரில் போகிறவர்கள் மரக்காணத்தில் வண்டியை நிறுத்துவது இரண்டே காரணத்துக்குத்தான். ஒன்று டீ. இன்னொன்று உப்பளத்தில் ஒரு செல்ஃபி. பின்னணியில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல், வாருபலகையோடு வெயிலில் ஒரு ஆள். அந்த ஆள் பாதி வெட்டுப்பட்டாலும் பரவாயில்லை, நம் முகம் மட்டும் பளபளவென்று விழ வேண்டும்.

இந்த வியாதி நேற்று வந்ததில்லை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால், இதே வியாதி முற்றிப்போன சில முகங்கள் கப்பலேறித் தமிழ்நாட்டுக்கு வந்தன. ஒரே வித்தியாசம், அவை தங்கத்தில் இருந்தன.

அப்போது மரக்காணத்தின் பெயர் எயிற்பட்டினம் என்கிறார்கள். ஓய்மா நாட்டு அரசன் நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில் வருகிற துறைமுகம் அது. பாட்டில் புலவர் பாணர்களுக்குத் தருகிற டூரிஸ்ட் கைடு பிரமாதம்: போங்கள், நுளையர் வீட்டுப் பெண் பழைய கள்ளை வடிகட்டி ஊற்றுவாள், சுட்ட மீன் கிடைக்கும். சரி, அடுப்புக்கு விறகு? அலை அடித்துக்கொண்டு வந்து கரையில் போட்ட வாசனை மரம்! தூங்குகிற ஒட்டகம் மாதிரி மணலில் கிடக்கிறதாம். வாசனைப் புகைக்காக ரோமாபுரிக்காரன் கப்பல் கட்டிக்கொண்டு கடல் கடலாக அலைந்த காலத்தில், நம்மாட்கள் அதை அடுப்பில் சொருகி மீன் சுட்டிருக்கிறார்கள்.

ஆக, உலகம் பூராவும் வாய் பிளக்கிற பொருளைக் கொண்டுவந்து கொட்டினாலும் 'இது எரியுமா?' என்று கேட்கிற ஊர். ரோமாபுரிச் சக்கரவர்த்திகள் இந்த மாதிரி ஜனங்களிடம்தான் தங்கள் முகத்தை அனுப்பிவைத்தார்கள். பாவம்.

கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் போடாத ஒரு கிரேக்க வியாபாரி செங்கடலிலிருந்து இந்தியா வரை துறைமுகங்களைப் பற்றி ஒரு கையேடு எழுதிவைத்திருக்கிறார், 'பெரிப்ளஸ்'. மேற்குக் கரைக்குப் பக்கம் பக்கமாக எழுதியவர், நம் கிழக்குக் கரையைச் சில வரிகளில் முடித்துவிட்டார். கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று பெயர். கமரா காவிரிப்பூம்பட்டினம், பொதுகே அரிக்கமேடு, சோபட்மா மரக்காணம் என்று ஒரு கட்சி. 'இல்லை, சோபட்மா என்பது சதுரங்கப்பட்டினம்' என்று இன்னொரு கட்சி. ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தால் எத்தனை பேராசிரியர்களின் நட்பு பிழைத்திருக்கும்!

வந்தவர்கள் கொண்டுவந்த சரக்கில் முக்கியமானது ஆரியஸ் என்கிற தங்கக் காசு. அகஸ்டஸ் காலத்தில் எடை சுமார் 7.8 கிராம். அதாவது கிட்டத்தட்ட ஒரு பவுன்! அளவு ஏறக்குறைய நம் ஒரு ரூபாய்க் காசு. முன்பக்கம் சக்கரவர்த்தியின் முகம், பின்பக்கம் அவர் பெருமை. சுற்றிலும் பட்டங்கள். இடம் பத்தாமல் எழுத்தைச் சுருக்கிச் சுருக்கி அடித்திருப்பார்கள். நம் ஃபிளெக்ஸ் பேனர்காரர்களுக்கு இரண்டு சென்டிமீட்டர் வட்டத்தைக் கொடுத்து 'அண்ணன் பட்டம் ஒன்றுகூட விடக்கூடாது' என்றால் என்ன செய்வார்களோ, அதுதான்.

இந்தத் தங்கம் இந்தியாவுக்குப் போய்க்கொண்டே இருக்கிறதே என்று ரோமில் தலையில் அடித்துக்கொண்டவர் எழுத்தாளர் பிளினி. வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸை இந்தியா உறிஞ்சுகிறது என்று கணக்கு எழுதினார். நூறு செஸ்டர்ஸ் ஓர் ஆரியஸ். எல்லாமே தங்கமாகப் போனது என்று வைத்தால் 5 லட்சம் காசு, மூன்றரை டன்னுக்குக் குறையாத தங்கம். இன்னோர் இடத்தில் இந்தியா, சீனா, அரேபியா மூன்றுக்கும் சேர்த்து 10 கோடி என்று சொல்லிவிட்டு, நம் சொகுசுக்கும் நம் பெண்களுக்கும் ஆகிற செலவு இது என்று ஒரு பெருமூச்சு. பெண்கள் முத்து போட்டதைக் கவனித்தவர், மிளகு போட்ட கறியை யார் சாப்பிட்டது என்பதைக் கவனிக்கவில்லை. மிளகு பற்றியும் புலம்பினார்தான். காரத்தைத் தவிர இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். காரம்தான் இருக்கிறது ஐயா, அதுக்குத்தான் காசு!

சரி, காசில் இருந்த ஆசாமிகளுக்கு வருவோம்.

முதலில் அகஸ்டஸ். காசில் பார்த்தால் ஹீரோ. நேர் மூக்கு, இறுகிய தாடை, நெற்றியில் அழகாக விழுகிற முடி. வயசு இருபத்தைந்து இருக்கும். அறுபது வயசிலும் காசில் அதே இருபத்தைந்துதான். எழுபத்தைந்தில் இறந்தார், அப்போதும் சுருக்கம் விழவில்லை. இன்றைய நடிகர்களுக்கு டச்-அப் செய்ய ஆளும் கம்ப்யூட்டரும் வேண்டும். அவருக்கு அச்சு வெட்டுகிற ஒரு பொற்கொல்லர் போதும்.

அசல் எப்படி? ஒரு நூற்றாண்டு கழித்து வாழ்க்கை வரலாறு எழுதிய சூட்டோனியஸ் ஒளிவு மறைவில்லாமல் போட்டு உடைக்கிறார். பல் சின்னச் சின்னதாக, இடைவெளி விட்டு, அழுக்காக இருக்குமாம். உயரம் பத்தாது என்று குதிகால் தடித்த செருப்பு போடுவாராம். குளிர்காலத்தில் உள்ளுக்குள் நாலு சட்டை. இடி என்றால் நடுக்கம். எங்கே போனாலும் சீல் தோல் ஒன்றைப் பாதுகாப்புக்கு எடுத்துக்கொண்டு போவார். கிளியோபாட்ராவையும் ஆண்டனியையும் கடலில் ஓடஓட விரட்டிய மாவீரர், வானம் உறுமினால் பாதாள அறைக்குள்!

இன்னொரு விஷயம் தெரிந்தால் நம்மூர்க்காரர்களுக்கு அவர்மேல் பாசமே வந்துவிடும். ஆளுக்கு ஜாதகப் பைத்தியம். இளவயசில் தியோஜெனஸ் என்ற ஜோசியரிடம் போனார். ஜாதகத்தைப் பார்த்ததும் ஜோசியர் காலில் விழுந்துவிட்டார். அவ்வளவுதான், அன்றிலிருந்து தன் ஜாதகத்தை ஊரறிய வெளியிட்டு, வெள்ளிக் காசில் மகர ராசிச் சின்னத்தையும் அடித்துவிட்டார். மேலே ஆடு, கீழே மீன் வால். இதில் ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு தலைவலி: பிறந்ததோ செப்டம்பர் 23, அப்புறம் எப்படி மகரம்? அது சந்திரன் இருந்த ராசியாக இருக்கலாம் என்று சிலர் விளக்கம் சொல்கிறார்கள். நம்மூர்த் தரகரிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார், 'ராசின்னா சந்திரன்தானே சார், பொண்ணுக்கு என்ன நட்சத்திரம்?'

வாரிசு அரசியலிலும் அவர் நமக்கு முன்னோடி. மகள் வயிற்றுப் பேரன்கள் கையஸ், லூசியஸ் இருவரையும் சுவீகாரம் எடுத்து, காசின் பின்பக்கத்தில் கேடயமும் ஈட்டியுமாக நிறுத்தினார். 'வருங்காலம் இவர்களே!' லட்சக்கணக்கில் அடித்தார்கள். லூசியஸ் கி.பி. 2-ல் போய்விட்டார். கையஸ் கி.பி. 4-ல். காசு மட்டும் நிற்கவில்லை. இந்தியாவுக்கு வந்த ரோமானியக் காசுகளில் மிக அதிகமாகக் கிடைக்கிற வகைகளில் இது ஒன்று. வேட்பாளர் காலமானபிறகும் நம் கடற்கரைகளில் பிரசாரம் நடந்துகொண்டே இருந்திருக்கிறது.

கடைசியில் நாற்காலி யாருக்கு? யாரை அகஸ்டஸ் காசில் ஓரமாக வைத்திருந்தாரோ, அந்த மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கும் திபேரியஸுக்கு.

திபேரியஸின் அச்சு இன்னும் சுவாரஸ்யம். வரலாற்றாசிரியர் டாசிடஸ் சொல்வதைக் கேட்டால், வழுக்கைத் தலை, முகமெல்லாம் புண், அதன்மேல் அங்கங்கே மருந்துப் பற்று. காசில்? வழவழவென்று பளிங்கு. பின்பக்கத்தில் நாற்காலியில் ஒரு பெண்மணி, கையில் கிளையோடு. அது அவர் அம்மா லிவியாதான் என்று பலரும் சொல்கிறார்கள். இருபது வருஷத்துக்கும் மேல் அதே டிசைனை மாற்றவேயில்லை. ஆஹா, என்ன ஒரு தாய்ப்பாசம் என்று உருகாதீர்கள். காப்ரி தீவுக்குப் போய் உட்கார்ந்துகொண்டவர், அம்மாவைக் கடைசி மூன்று வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் பார்த்தார் என்று எழுதிவைத்திருக்கிறது. கி.பி. 29-ல் அம்மா இறந்தபோது காரியத்துக்கும் வரவில்லை. டிசைனை மாற்றாததற்குப் பாசத்தைவிடச் சோம்பேறித்தனம் பொருத்தமான காரணமாகப் படுகிறது எனக்கு.

ஆனால் காசிலிருந்த அகஸ்டஸ் முகத்தைப் பற்றி அவர் ஆட்சியில் ரொம்பக் கறார். அகஸ்டஸின் உருவம் பொறித்த காசையோ மோதிரத்தையோ இடுப்பில் வைத்துக்கொண்டு கழிவறைக்குப் போனால் ராஜதுரோகம்! விலைமாதர் வீட்டுக்குப் போனாலும் அப்படியே. தண்டனை, தலை. இதுவும் சூட்டோனியஸ் தருகிற தகவல்தான். ரோமாபுரிக் கனவான் அவசரத்துக்கு ஒதுங்குமுன் பையைத் திறந்து ஒவ்வொரு காசாகப் பார்க்கிற காட்சியை நினைத்துப் பாருங்கள்.

இனி புதுக்கோட்டைக்கு வாருங்கள்.

1898-ல் புதுக்கோட்டை சமஸ்தானத்தில், கருக்காக்குறிச்சியில் ஒரு புதையல் கிடைத்தது. 501 ரோமானியத் தங்கக் காசுகள். அகஸ்டஸிலிருந்து வெஸ்பேசியன் வரை குடும்பத்தோடு ஆஜர். எடுத்துப் பார்த்தால், பத்துக்கு ஒன்பது காசில் வெட்டு! உளியை வைத்து ஓங்கி ஒரு போடு. அதுவும் எங்கே? பின்பக்கத்து அம்மாவை விட்டுவிட்டார்கள். முன்பக்கம், சரியாக முகத்தில். காதுக்குக் கீழே ஆரம்பித்துக் கன்னம் வழியாக மூக்கு வரை, வாழைக்காய் சீவின மாதிரி. காசை இடுப்பில் சொருகிக்கொண்டு ஒதுங்கினாலே தலை போகிற குற்றம். இங்கே ஒருத்தர் சாவகாசமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, வரிசையாக நானூற்றுச் சொச்சம் ராஜதுரோகம் செய்திருக்கிறார்.

ஏன் வெட்டினார்கள்? இங்கேயும் கட்சிகள் உண்டு. உள்ளே செம்பை வைத்து மேலே தங்கத் தகடு போர்த்திய டூப்ளிகேட்டா என்று சோதித்தார்கள் என்பது ஒரு கட்சி. 'இது இனிமேல் காசு இல்லை, வெறும் தங்கம்' என்று முத்திரை குத்திச் செலாவணியிலிருந்து எடுத்தார்கள் என்பது இன்னொன்று. எதுவானாலும் சக்கரவர்த்திக்கு ஆறுதல் கிடையாது. கோபத்தில் வெட்டியிருந்தால்கூடக் கொஞ்சம் மரியாதை. இது கோபமே இல்லை. அந்த முகம் யாருடையது என்று ஒருவர் நிமிர்ந்து விசாரித்ததாகக்கூடத் தெரியவில்லை. எத்தனை குந்துமணி எடை, மாற்று எவ்வளவு, முடிந்தது கதை.

இன்னொன்றையும் யோசியுங்கள். எயிற்பட்டினத்து அளத்தில் உப்பு வாருகிறவருக்கு இந்தக் காசு எதற்கு? உமணர்கள் வண்டி கட்டி வந்து உப்பை ஏற்றிக்கொண்டு போய், உள்நாட்டில் அளவுக்கு அளவு நெல்லுக்கு மாற்றிக்கொண்டு வந்த காலம். ஓர் ஆரியஸ் 25 வெள்ளிக் காசுக்குச் சமம். அதைக் கொண்டுவந்து உப்புக்காரரிடம் நீட்டுவது, 2,000 ரூபாய் நோட்டு புழங்கிய காலத்தில் டீக்கடையில் காலை ஐந்து மணிக்கு அதை நீட்டின கதைதான். சில்லறை இல்லை, போய்ட்டு அப்புறம் வா.

அடுத்தவர் கிளாடியஸ். இவர் காசுகளில் ஒன்று உலகத்திலேயே வெட்கம் கெட்ட காசு என்று நான் சத்தியம் செய்வேன். கி.பி. 41-ல் சக்கரவர்த்தி கலிகுலாவைக் கொன்றபோது சித்தப்பா கிளாடியஸ் பயந்துபோய்த் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். வெளியே கால் தெரிந்தது. ஒரு சிப்பாய் பிடித்து இழுத்தான். 'என்னை விட்டுடுப்பா' என்று அவர் கெஞ்ச, அவனோ 'நீங்கதான் சக்கரவர்த்தி' என்று வாழ்த்தினான். அரண்மனைக் காவல் படை தங்கள் முகாமுக்குத் தூக்கிக்கொண்டு போனது. நன்றிக்கடனாகத் தலைக்கு 15,000 செஸ்டர்ஸ் தருவதாக வாக்கு. நம் கணக்கில் சிப்பாய் ஒருத்தருக்கு 150 பவுன்! சாதாரண ஆள் இதை மூடி மறைப்பார். இவர் அந்த முகாமின் மதில்சுவரையே தங்கக் காசின் பின்பக்கத்தில் அடித்து, 'சக்கரவர்த்தி வரவேற்கப்பட்டார்' என்று எழுதியும் விட்டார். திரைச்சீலையை மட்டும் டிசைனில் சேர்க்கவில்லை.

இவர் காலத்தில்தான் இலங்கையில் ஒரு தமாஷ். செங்கடல் வரி வசூல் குத்தகைதாரரான அன்னியஸ் ப்ளோகாமஸ் என்பவரின் ஆள் ஒருவன் புயலில் சிக்கி இலங்கையில் ஒதுங்கினான். ஆறு மாசத்தில் உள்ளூர் பாஷை பிடிபட்டது. ராஜா அவனிடமிருந்த ரோமானிய வெள்ளிக் காசுகளைப் பார்த்தார். முகம் வேறு வேறு, எடை மட்டும் ஒன்றே. 'அடடா, என்ன நாணயமான ஜனங்கள்!' என்று அசந்துபோய் ரோமுக்கு நாலு தூதர்களை அனுப்பினார். பிளினி இதை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுதியிருக்கிறார். கவனியுங்கள், இந்த ராஜாவும் முகத்தைப் பார்க்கவில்லை. தராசைத்தான் பார்த்தார்.

அந்தப் புகழ்ச்சியின் ஈரம் காயவில்லை, நீரோ வந்துவிட்டார்.

நீரோவின் முதல் தங்கக் காசில் அவரும் அம்மா அக்ரிப்பினாவும் மூக்கும் மூக்கும் உரச எதிரெதிரே இருப்பார்கள். அந்தப் பக்கத்தைச் சுற்றி இருப்பது அம்மாவின் பட்டம். பையனுடைய பட்டம் பின்பக்கத்தில். பதினாறு வயசுப் பையன் முகத்தில் 'அம்மா சொன்னால் சரி' என்று எழுதியிருக்கும். அடுத்த வருஷம் இருவரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள், பையன் முன்னால், அம்மா பின்னால். அப்புறம் அம்மாவே காணோம். கி.பி. 59-ல் நடுக்கடலில் பிளந்துகொள்கிற மாதிரி ஸ்பெஷலாக ஒரு படகு செய்து அம்மாவை அதில் ஏற்றினார். அம்மா நீந்திக் கரையேறிவிட்டார். பிறகு ஆள் அனுப்பிக் காரியத்தை முடிக்கவேண்டி வந்தது. காசை வரிசையாக அடுக்கினாலே ஒரு மெகா சீரியல்.

ஒரு விஷயத்தில் நீரோவை மெச்ச வேண்டும். அகஸ்டஸ் மாதிரி முகத்தில் பொய் சொல்லவில்லை. வருஷா வருஷம் கழுத்து தடிக்கிறது, தாடைக்குக் கீழே இன்னொரு தாடை வருகிறது, நெற்றிக்கு மேலே முடி அடுக்கடுக்காக ஏறுகிறது. எல்லாம் காசில் அப்படியே இருக்கிறது. சரி, மனுஷன் நேர்மையானவர் என்று நினைக்கும்போதே காசின் எடையில் கை வைத்தார். கி.பி. 64-ல், ஒரு பவுண்டு தங்கத்தில் 40 காசு அடித்த இடத்தில் 45 என்று ஆக்கினார்கள். வெள்ளியில் கலப்படமும் சேர்ந்தது. கழுத்து பெருக்கப் பெருக்கக் காசு மெலிந்தது.

நம்மாட்கள் இதைக் கண்டுபிடிக்க ரொம்ப நாள் ஆகியிருக்காது. இந்தியப் புதையல்களில் கிடைக்கிற ரோமானிய வெள்ளி பெரும்பாலும் பழைய அகஸ்டஸ், திபேரியஸ் சரக்குதான். நீரோவின் கலப்பட வெள்ளி அபூர்வம். லத்தீனில் 'அ' தெரியாது, ரோமாபுரி எந்தத் திசை என்று தெரியாது, ஆனால் எந்த முகத்தை வாங்கலாம், எந்த முகத்தைத் திருப்பிக் கொடுக்கலாம் என்பது மட்டும் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது.

வெட்டுப்படாத முகங்களுக்கு இன்னொரு விதி காத்திருந்தது. தலைக்கு மேலே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை. ஆமாம், காசுமாலை! உலகத்தை ஆண்டவர் கழுத்தில் தொங்க வந்துவிட்டார். ரோமில் பெண்கள் தமிழ்நாட்டு முத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தங்கத்தை அனுப்பினார்கள், இங்கே பெண்கள் அந்தத் தங்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு முத்தை அனுப்பினார்கள். பிளினி மட்டும் நடுவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

டிமாண்ட் ஏறினால் என்ன நடக்கும்? லோக்கல் சரக்கு இறங்கும். இந்தியத் தட்டான்கள் சொந்தமாகவே ரோமானியக் காசு மாதிரி செய்ய ஆரம்பித்தார்கள். முகம் ஓரளவுக்கு வந்துவிடும். சுற்றியிருக்கிற எழுத்துதான் வம்பு. தெரியாத பாஷையை எப்படி வெட்டுவது? நிற்கிற கோடு நாலு, வட்டம் இரண்டு, இடையில் ஒரு கொக்கி. 'தெய்வ மகன், நாட்டின் தந்தை' என்று அகஸ்டஸ் பார்த்துப் பார்த்துப் பொறித்த பட்டங்கள் எல்லாம் கொக்கியும் கோடுமாகி, கல்யாண வீட்டில் ஜொலித்தன. ஒரு சம்பந்தியும் எழுத்துப்பிழை சொல்லியிருக்க மாட்டார்.

இத்தனை அலட்சியத்துக்கு நடுவிலும் ஒருத்தர் அந்த முகத்தை உற்றுப் பார்த்திருக்கிறார். ஒரு சேர மன்னர். அதுவரை தமிழ் அரசர்களின் காசு என்றால் வில், புலி, மீன், யானை என்று ஒரே மிருகக்காட்சி சாலை. ராஜா முகம் கிடையாது. ரோமானியக் காசைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 'யாரோ ஒருத்தன் மூஞ்சி நம்ம ஊர்ல சுத்துது, என் மூஞ்சிக்கு என்ன குறைச்சல்?' கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த வெள்ளிக் காசுகளில், ரோமானிய ஸ்டைலில் பக்கவாட்டு முகம், மேலே தமிழ் பிராமி எழுத்தில் 'மாக்கோதை' என்று பெயர். தினமலர் ஆசிரியராக இருந்த நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி இவற்றை வெளியுலகுக்குக் கொண்டுவந்தார்.

மாக்கோதையும் காசில் நன்றாகத்தான் இருக்கிறார். பல் எப்படி, செருப்பின் குதிகால் எவ்வளவு உயரம், இடி இடித்தால் எங்கே போய் ஒளிவார் என்பதெல்லாம் நமக்குத் தெரியவே போவதில்லை. அதைப் போட்டுக்கொடுக்க இங்கே ஒரு சூட்டோனியஸ் இல்லை. எழுதத் தெரிந்தவர்கள் எல்லோரும் பாணர்களுக்கு வழி சொல்லிக்கொண்டும், பாடிப் பரிசில் வாங்கிக்கொண்டும், சுட்ட மீனோடு சந்தோஷமாக இருந்தார்கள்.